சௌந்தரி டீச்சரின் குரல் வந்து சேர்ந்த தேதிகள்

நல்லமங்கலம் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருஷமாகக் கணக்கு எடுத்துவந்த ஞானசௌந்தரி டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது முடிந்த அந்த ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த மூன்றாம் நாள், எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் நுழைந்து "உட்காருங்க" என்று அவள் சொன்னபோது, பிள்ளைகள் முப்பத்தேழு பேரும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, டீச்சர் வாயை மூடிப் பதிவேட்டைத் திறந்த பிறகு, அவள் நின்ற இடத்திலிருந்து "உட்காருங்க" என்ற குரல் வந்தது, பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த அழகுமீனா மட்டும் டீச்சரின் வாயை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள். டீச்சர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள்.

பெயர் கூப்பிடுவது அவளுக்குப் பாடத்தைவிட முக்கியமான காரியம். மற்ற வாத்தியார்கள் வரிசை எண்ணைச் சொல்லி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். அவள் முழுப் பெயரையும் தலைப்பெழுத்தோடு கூப்பிட்டு, "உள்ளேன் அம்மா" என்ற பதில் வந்து, அந்த முகத்தையும் ஒருதரம் பார்த்த பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவாள். இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. மணி அடித்ததும் கரும்பலகையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுத்தான் வகுப்பைவிட்டு இறங்குவாள், அடுத்து வருகிறவருக்கு முந்தின ஆளின் எழுத்து இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று. இந்த இரண்டையும் விட்டால் அந்த டீச்சரைப் பற்றி ஊரில் பேச வேறொன்றும் இருந்ததில்லை, குரல் பிந்த ஆரம்பிக்கும்வரை.

ஆடி பிறந்தபோது ஒரு மூச்சளவு ஒரு நிமிஷமாயிற்று, சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபோது அரை பீரியடாயிற்று, காலாண்டுப் பரீட்சை வந்தபோது இரண்டு பீரியடாயிற்று. டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் சத்தமில்லாமல் வாயசைத்து முக்கோணம் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து எட்டாம் வகுப்பில், தமிழய்யா செய்யுளைப் பாதி நடத்தியிருக்கையில், அவளுடைய குரல் கரும்பலகைப் பக்கமிருந்து எழும்பி, வர்க்கமூலம் எடுப்பது எப்படி என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்கும். தமிழய்யா கோபிக்காமல் புத்தகத்தை மூடிவைத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "கணக்கு வராமத்தான் நான் தமிழுக்கு வந்தேன், இப்பத்தான் கொஞ்சம் வெளங்குது" என்பார். பிள்ளைகள் செய்யுள் நோட்டை எடுத்துவைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுப்பார்கள், குரல் நின்றதும் மறுபடி மாற்றுவார்கள். ஒருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் டீச்சரைவிடப் பதினைந்து வயது சிறியவர், எதற்கும் ஒரு பதிவேடு போட்டுவிட்டால் அந்த விஷயம் தீர்ந்தது என்று நம்புகிறவர். கால அட்டவணையில் டீச்சரின் பெயரைக் கறுப்பு மையிலும் டீச்சரின் குரலைச் சிவப்பு மையிலும் எழுதித் தன் அறையில் ஒட்டினார். ஆனால் தினமும் காலையில் கைபேசியில் ஏற்ற வேண்டிய வருகைப் பதிவில் வந்தவர், வராதவர், பிந்தி வந்தவர் என்று மூன்றே கட்டங்கள்தான் இருந்தன. ஆள் நேரத்துக்கு வந்து குரல் மட்டும் பிந்தியதற்குக் கட்டம் இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். "உள்ள கட்டங்களுக்குள் நிரப்பவும்" என்று பதில் வந்தது, நிரப்பினார்.

ஆசிரியர் கூட்டத்தில் நடந்ததைத்தான் ஊர் அதிகம் பேசிச் சிரித்தது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் சௌந்தரி டீச்சர் எழுந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள்: பெண் ஆசிரியர்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது, பலபேர் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அந்த ஐப்பசிக் கூட்டத்திலும் சொன்னாள், வாய் அசைந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் அதே அறையில் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் குரல் வந்து, "கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைங்க சார்" என்றது. அதிகாரி திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை, "குறிச்சுக்கோங்க" என்றார், தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார். தாழ்ப்பாள் வரவில்லை.

ஜில்லாத் தலைநகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா. அம்பதைத் தாண்டுன பொம்பளைங்களுக்கு எல்லாமே கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்" என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் அங்கே கேட்ட கேள்வி மறுநாள் அந்த அறையில் வேறு யாரோ ஒரு நோயாளியின் முன்னால் வந்து விழுந்தது என்று பின்னால் தெரிந்தது. என்ன கேட்டாள் என்பதை அந்த நோயாளி மறந்துபோயிருந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் எட்வின், நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர், மாத்திரையையும் சாப்பாட்டையும் மனைவி நினைவூட்டினால்தான் உண்டு. முதலில் எரிச்சல்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். நேற்றுக் கூப்பிட்டதற்கு இன்றைக்கு எழுந்து வந்து உட்கார்ந்தார், கணக்கு எப்படியோ சரியாக வந்துவிட்டது. "விட்டுரு சவுந்தரி" என்றார் ஒருநாள், பாசமாகத்தான். "இன்னும் நாலு வருசம் இதுல என்ன மல்லுக்கட்டிட்டு? வீட்டுல இருந்தா நீ பேசுறது யாருக்கும் கேக்கணும்னு அவசியமே இல்லையே." அவள் பதில் சொன்னாள். அந்தப் பதில் அடுப்படியில் வந்து சேர்ந்தபோது அவர் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தார்.

ஆனால் டீச்சர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வரைபடத்தாள் வாங்கி, எந்தத் தேதியில் சொன்னது எந்தத் தேதியில் வந்தது என்று புள்ளி வைத்து, கோடு இழுத்து, அடுத்த வாரம் எவ்வளவு பிந்தும் என்பதை மணிக் கணக்கோடு கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடத்தை இன்றைக்கு நடத்துவதில் பிரயோஜனம் இல்லை என்று, குரல் வந்து சேரும் நாளில் எந்தப் பாடம் நடக்க வேண்டுமோ அந்தப் பாடத்தை முன்கூட்டியே காற்றில் நடத்தினாள். அன்றன்றைக்கு வருகிற பழைய குரலுக்கு ஏற்றபடி பலகையில் எழுதிக்கொண்டே போனாள். பிள்ளைகள் அரையாண்டுக்கு முன்னால் நடந்த தேர்வில் எப்போதையும்விட நன்றாகவே எழுதினார்கள். அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. பாடத்தை முன்னால் போட்டுவைக்கலாம், கோபத்தை அப்படிப் போட்டுவைக்க முடியாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

அழகுமீனா வாரத்தில் மூன்று நாள்தான் பள்ளிக்கு வந்தாள். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. நன்றாகக் கணக்குப் போடுகிற பெண் இப்படிப் பாழாகிறதே என்ற ஆத்திரத்தில் கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை டீச்சர் வாயைவிட்டுவிட்டாள். சொன்னதும் கோபம் ஆறிவிட்டது, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டாள், ஒன்பது நாள் கழித்து அது வரும் என்று எழுதிவைக்கவும் மறந்துவிட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஆளை உடைக்க ஒன்றே போதும்.

அதற்குள் மீனாவின் அப்பா மூட்டையோடு சறுக்கி விழுந்து செத்துப்போனார். காரியமெல்லாம் முடிந்து, டீச்சர் ஏசிய ஒன்பதாம் நாள் புதன்கிழமை, எண்ணெய் வைக்காத தலையோடு மீனா பள்ளிக்கு வந்தாள். டீச்சர் பெஞ்சுக்கே போய் அவள் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அப்போது கரும்பலகைப் பக்கமிருந்து குரல் வந்தது: "வாரத்துக்கு மூணு நாள் வார. வீட்டுல அப்படி என்னட்டி பெரிய வேலை? நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. கூட்டிட்டு வராம இந்தக் கிளாசுக்குள்ள காலை வைக்காத."

டீச்சர் ஓடினாள். பலகை துடைக்கும் கட்டையை எடுத்து மேசையில் படார் படார் என்று அடித்தாள், சுண்ணாம்புத் தூள் எழுந்து முகமெல்லாம் வெள்ளையாயிற்று, குரல் ஒரு சொல்கூடக் குறையாமல் முடிந்தது. மீனா, ஏச்சு வாங்குகிற பிள்ளைகள் நிற்கிறபடி, எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றாள். முடிந்ததும் பையை எடுத்தாள், காலை வைக்காதே என்று சொல்லியாயிற்றே என்று வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள். "நில்லுட்டி, மீனா, நில்லு" என்று டீச்சர் பின்னாலேயே ஓடிக் கத்திய சத்தம் பத்து நாள் கழித்துத் தாழ்வாரத்தில் கேட்டது; பரீட்சை எழுதிவிட்டுப் போன பிள்ளைகள் தங்களைத்தானாக்கும் என்று நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளே டீச்சர் மீனாவின் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டு நோட்டில் எழுதிய காகிதத்தை நீட்டினாள். பேச்சியம்மாள் அதை வாங்கவில்லை. "ஏசினது வாயால, டீச்சர். எழுதிக் குடுத்தாச் சரியாப் போச்சா? எம்மக கேட்டது காதால" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பிள்ளையின் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். மீனா கதவுக்குப் பின்னால் நின்றாள். டீச்சர் அந்த முற்றத்தில் நின்று வாயாலேயே மன்னிப்புக் கேட்டாள், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அது வரும் என்று சுவரில் எழுதிக் காட்டினாள், கும்பிட்டாள், வந்துவிட்டாள்.

அந்தத் தேதியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அம்மாவும் மகளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார்கள், மீனாவுக்கும் அங்கே இடம் கிடைத்திருந்தது. டீச்சரின் மன்னிப்பை எதிர்வீட்டு ஆடுகள் இரண்டும், பிரண்டை பறிக்க வந்த ஒரு கிழவரும் கேட்டார்கள். கேட்டவரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க என்று கிழவர் பேச்சியம்மாளிடம் சொன்னார். "எம்பிள்ளை கேக்கலையே" என்றாள் அவள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் டீச்சர் மீனாவின் பின்னாலேயே அலைந்தாள். மீனா வரும் பாதையில், தண்ணீர்க் குழாயில், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில், இந்தத் தேதியில் இந்த நேரத்தில் இவள் இங்கே இருப்பாள் என்று வரைபடம் பார்த்து முன்கூட்டியே போய் நின்று மன்னிப்புக் கேட்டுவைத்தாள். குரல் ஓர் இடத்துக்கு வரும், பெண் வேறிடத்தில் இருப்பாள். குழாயடிப் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துக் கேட்டுவிட்டு, "அந்தக் கணக்கு டீச்சர் வந்துட்டுப் போறாங்க" என்று ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லப் பழகினார்கள். டீச்சருக்கு அழுகையாக வந்தது, அழுதாள். அந்த அழுகை எப்போது எங்கே கேட்கும் என்று எழுதிவைக்கவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் மூலை அறைக்கு ஒரு நாற்காலி எடுக்கப் போனபோது, பூட்டிய அறைக்குள் யாரோ சொல்வதெழுதல் நடத்துவது அவளுக்குக் கேட்டது. பெண் குரல், நிதானமான குரல், ஒவ்வொரு சொல்லையும் இரண்டுதரம் சொல்கிற குரல். வாசற்படியில் பள்ளியைப் பெருக்குகிற மாடத்தி விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தனபாக்கியம் டீச்சர்" என்றாள் மாடத்தி.

தனபாக்கியம் இந்தப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்துநாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவள். மகனுக்குக் கல்யாணம், அதுதான் போகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள், சௌந்தரியும் சொன்னாள். வழியனுப்பு விழாவுக்குப் பால்கோவா வாங்கியதே சௌந்தரிதான்.

"நாலு வருசமா வருது" என்றாள் மாடத்தி. "சில நாளு பாடம். சில நாளு ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கிடுவாங்க. அதுக்கு முன்னால தையல் டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்கள்லா, அவுங்களோடது கிணத்தடி ரூமுல. அது போன வருசம் நின்னுபோச்சு. ஏன் யார்ட்டயும் சொல்லலைன்னு பாக்கீங்களா டீச்சர்? யாரு கேட்டா?"

சௌந்தரி டீச்சர் அந்தப் படியில் மாடத்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் பக்கத்து மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து தன் டப்பாவில் இருந்து ஊறுகாய் எடுத்துத் தின்ற ஒருத்திக்குக் குரல் பிந்திக்கொண்டிருந்ததைத் தான் கவனிக்கவே இல்லை என்பது அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. உள்ளே குரல் கடைசிச் சொல்லையும் இரண்டுதரம் சொல்லிவிட்டு, "நோட்டை மூடுங்க" என்றது.

அந்த வாரமே விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், இப்படி ஒரு நல்ல டீச்சரை இழப்பது பள்ளிக்குப் பெரிய நஷ்டம் என்றார், முன்னறிவிப்புக் காலம் உண்டு என்பதால் மார்ச் முப்பத்தொன்றோடு கணக்கு முடியும் என்றார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். காரணம் என்ற இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். அவர் பேனாவை எடுத்து, "குடும்பச் சூழல்னு போட்டுருதேன் டீச்சர், அதுன்னா மேல கேள்வி வராது" என்று தானே எழுதிக்கொண்டார். ஊரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது: பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், புருஷனுக்குச் சர்க்கரை, டீச்சருக்கு முழங்கால், இந்தக் காலத்துப் பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். அவளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள்.

மார்ச் முப்பத்தொன்று அன்று மூன்றாம் பீரியட், பதினொன்று பத்துக்கு, அவள் கடைசியாக எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்குப் போனாள். நாற்பது நிமிஷமும் வாயசைத்தாள். டீச்சர் ஏதோ ரொம்ப நேரம் சொன்னாங்க, நடுவில் கண்ணைத் துடைச்சாங்க என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதும் ஊருக்கு ஆவல் பிடித்துக்கொண்டது, தலைமையாசிரியருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுடைய வரைபடக் கோட்டின்படி அன்றைக்குச் சொன்னது நூற்று அறுபத்துமூன்று நாள் கழித்து, செப்டம்பர் பத்தாம் தேதி வந்து சேரும். டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டு இறங்கினாள்.

அவள் போன பிறகும் அவளுடைய பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. ஜனவரியில் சொன்னது ஏப்ரலிலும், பிப்ரவரியில் சொன்னதில் பாதி பூட்டிக் கிடந்த கோடை விடுமுறை வகுப்பிலும், மிச்சம் ஜூன் ஜூலையில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் கேட்டது. குரல் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று அந்தப் பணியிடத்துக்கு ஆள் கேட்டு எழுதுவதைத் தலைமையாசிரியர் தள்ளிப்போட்டார். எந்தப் புது டீச்சர் இப்படி விடுப்பே எடுக்காமல் நடத்துவார் என்று சிலர் மெச்சிக்கொள்ளவும் செய்தார்கள். ஆகஸ்டு கடைசியில் அவருக்குப் பத்தாம் தேதி ஞாபகம் வந்தது. கட்டட மராமத்து என்று சொல்லிப் பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றி, உடைந்த பெஞ்சுகளை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார்.

வீட்டில் எட்வின் மனைவியின் புதுப் பேச்சைக் கேட்டு மாதக் கணக்காயிற்று. அவள் பேசாமல் இல்லை, பேசினாள். அது ஒன்றும் இன்னும் வந்து சேரவில்லை. இப்போது வந்துகொண்டிருந்தது அவள் வேலையில் இருந்தபோது சமையலறையில் அவசரமாகச் சொன்னது, "நேரமாச்சு, பஸ் போயிரும்" என்பது. அதைக் கேட்டு அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

செப்டம்பர் பத்தாம் தேதி பத்தரை மணிக்கே டீச்சர் போய் நின்றுவிட்டாள். பள்ளிக்குள் அல்ல, பூட்டிய அறையின் ஜன்னல் ஒன்று மதிலோரத்துச் சந்துப் பக்கமாகத் திறக்கும், அதன் கீழே. மீனாவின் தெருவிலேயே குடியிருக்கிற மாடத்தியிடம் தேதியைக் காட்டி, விரலால் முதல் பெஞ்சு என்று சைகை செய்து, அந்தப் பெண்ணுக்குச் சேதி சொல்லச் சொல்லியிருந்தாள். சந்தில் கூட்டம் இருந்தது. போன வருஷத்துப் பிள்ளைகளின் அம்மாமார் ஏழெட்டுப் பேர், டீக்கடைக்காரர், சும்மா வந்தவர்கள். டீச்சர் ஏன் போனாள் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும், யார் மானம் போகிறதோ பார்ப்போம் என்று வந்த கூட்டம் அது. மீனாவைக் காணோம். டீச்சர் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று பத்துக்குக் குரல் வந்தது. முதலில் பெயர் கூப்பிட்டது. முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு, ஒவ்வொன்றுக்கும் அடுத்துப் பதிலுக்கு ஒரு இடைவெளி விட்டு. மார்ச்சில் பிள்ளைகள் குரல் கேட்காமலே உதட்டைப் பார்த்து "உள்ளேன் அம்மா" என்று சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு அந்த இடைவெளியில் உடைந்த பெஞ்சுகள்தான் இருந்தன. "மு. அழகுமீனா" என்றது குரல். பதிவேட்டில் அடித்துவிட்ட பெயர் அது. இடைவெளி விட்டது, மற்றவர்களுக்கு விட்டதைப்போல மூன்று மடங்கு விட்டது. பிறகு சொன்னது: "மீனா, நான் ஏசினது தப்பு. அப்பா இல்லாத பிள்ளையை அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொன்னேன். அந்தக் குரல் வரக்குள்ள உனக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாமப் போச்சும்மா. கிளாசுக்குள்ள வா. காலை வைக்காதன்னு சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்." அப்புறம் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிச்சமிருந்த கடைசிப் பாடம், வட்டத்தின் பரப்பு, அதை ஆரம்பித்தது.

கூட்டத்துக்குச் சப்பென்று ஆயிற்று. "இதுக்கா?" என்றாள் ஒருத்தி. வட்டத்தின் ஆரத்தை இரண்டு தரம் பெருக்குவதற்குள் ஆட்கள் கலைந்துபோனார்கள். உள்ளே தலைமையாசிரியர் தன் அறை மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார். சந்து காலியான பிறகுதான் தெரிந்தது, டீக்கடைச் சாக்கு மறைப்புக்குப் பின்னால் மீனா நின்றுகொண்டிருந்தாள், கையில் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து ஒட்டியிருந்தது, பக்கத்தில் மாடத்தி. மீனா ஜன்னலுக்குக் கீழே வந்தாள். ஜன்னலைப் பார்த்துச் சொல்வதா டீச்சரைப் பார்த்துச் சொல்வதா என்று தெரியாமல் நடுவில் பார்த்துச் சொன்னாள்.

"உள்ளேன் அம்மா."

டீச்சர் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தாள், பதிவேட்டில் பேனாவை வைக்கும்போது பார்க்கிற மாதிரி. இது போதும் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்குப் போய்விடலாம், இனி அடுப்படியில் எது எப்போது வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள். அப்போது மீனா கேட்டாள்.

"நீங்க ஏன் டீச்சர் வேலையை விட்டீங்க? என்னாலயா?"

டீச்சர் பையிலிருந்த நோட்டை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள், அப்புறம் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டாள். காதால் கேட்டவளுக்குக் காதால்தான் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்த எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அந்தப் பதினான்கு வயதுப் பெண். டீச்சர் வாயைத் திறந்து பேசினாள். தாழ்ப்பாளில் ஆரம்பித்தாளோ, தனபாக்கியத்தில் ஆரம்பித்தாளோ, யாருக்குத் தெரியும். டீக்கடைக்காரர் இரண்டு தரம் பால் காய்ச்சி இறக்கும் நேரம் பேசினாள், பலகைக்கு முன்னால் நிற்பதுபோலக் கையை நீட்டி நீட்டிப் பேசினாள், அழுதாள், ஓர் இடத்தில் சிரித்தாள்கூட. மீனா கண்ணை எடுக்காமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். தலைக்கு மேலே ஜன்னலில் பழைய குரல் வட்டத்தின் பாடத்தை முடித்துக்கொண்டிருந்தது.

"இது எப்ப டீச்சர் கேக்கும்?"

டீச்சர் பையின் அடியிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டைத் தேடி எடுத்தாள். கண்ணை மூடிக் கோட்டை மனசுக்குள் இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே மதிலில் எழுதினாள். மீனா எழுத்துக்கூட்டாமல் சரளமாக, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தாள்: "அடுத்த வருசம் நவம்பர் பதினேழு, பகல் பன்னெண்டு அஞ்சு."

வாசித்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் இங்க இருக்க மாட்டேன் டீச்சர். புதன்கிழமை திருப்பூருக்குப் போறோம், பனியன் கம்பெனி வேலைக்கு. அன்னைக்கே அம்மா வாடகை வீட்டுச் சாவியைக் குடுத்துருவாங்க."

டீச்சர் மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி விளக்குமாற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். "எனக்கு மே மாசத்தோட வேலை முடியுது டீச்சர்" என்றாள்.

உள்ளே மணி அடித்தது. தலைக்கு மேலே குரல், "மிச்சக் கணக்கை வீட்டுல போட்டுட்டு வாங்க" என்று சொல்லி நின்றது. அதற்கு மேல் அந்த அறைக்கு வர ஒன்றும் இல்லை. சௌந்தரி டீச்சர் முந்தானையை இழுத்து, மதிலில் எழுதிய தேதியை ஓர் எண்கூட மிச்சமில்லாமல் துடைத்தாள், கையைத் தட்டிக்கொண்டாள், சந்தைவிட்டு இறங்கி நடந்தாள்.